பூனைக்கு இனிப்புநீர் வந்தால்: முதல் மூன்று மாதத்தைத் தாண்டும் வழி

எங்கள் வீட்டில் இனிப்புநீரை, அதாவது சர்க்கரை நோயை, முதலில் கண்டுபிடித்தது எறும்பு. எங்கள் பூனை தவுக்கேயின் மணல் தட்டைச் சுற்றி ஒரு வாரமாக எறும்பு வரிசை. நான் மணலை மாற்றுவதும் தரையைத் துடைப்பதுமாக இருந்தேன். அம்மாதான் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கிளினிக்குக் கொண்டு போ" என்றார்.

தவுக்கே 11 வயது ஆண் பூனை, கருத்தடை செய்தது, ஏழு கிலோ. தவுக்கே என்றால் முதலாளி, பெயருக்கு ஏற்ற தொந்தி. பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. வயது கூடிய, எடை கூடிய, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற ஆண் பூனைகளுக்குத்தான் இந்த நோய் அதிகம் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு மாதத்தில் நான் செய்யாத தப்பு இல்லை. நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத சில்லறை விஷயங்கள்தாம் இங்கே இருக்கின்றன.

1. நோயை உறுதி செய்துகொள்ளுங்கள்

அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, மணலில் பெரிய பெரிய கட்டிகள், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது. இந்த மூன்றும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள். இன்னொரு அறிகுறியை நான் மூட்டு வலி என்று நினைத்து விட்டுவிட்டேன்: பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி, முயல் மாதிரி நடப்பது. நெடுநாள் சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் மெல்லத் திரும்பிவிடும்.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்ய விடாதீர்கள். கிளினிக் மேசையில் பயந்து நடுங்கும் பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறும். நோயே இல்லாத பூனைகூட 15, 16 மில்லிமோல் காட்டும். அதனால் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஃபிரக்டோசமின் பரிசோதனையையும் கேளுங்கள். அது கடந்த இரண்டு வாரங்களின் சராசரியைக் காட்டுவது, அன்றைய பயம் அதில் ஏறாது. எங்கள் கிளினிக் ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பியது, முடிவு வர நான்கு நாள் ஆனது. சிறுநீரகம், சிறுநீர்த் தொற்று, பல் ஈறு ஆகியவற்றையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. எங்காவது ஒரு தொற்று ஒளிந்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

கையோடு பழைய மருத்துவ அட்டையைக் கொண்டு போங்கள். அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதனாலேயே சில பூனைகளுக்குச் சர்க்கரை வரும். தவுக்கேக்கு ஆறு மாதத்துக்கு முன் தோல் அரிப்புக்கு ஊசி போட்டிருந்தோம். அது என்ன ஊசி என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி வீட்டுக்கு ஓடி அட்டையைத் தேடினேன்.

2. வாங்காமல் கிளினிக்கை விட்டு வராதீர்கள்

மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவின் நகல், இரவு நேர அவசரத்துக்கு எங்கே போவது என்ற விவரம். இந்த மூன்றும் தாளில் வேண்டும். பகலில் நல்ல டாக்டர் இருக்கும் எத்தனையோ கிளினிக்குகள் இரவில் மூடிவிடும். சர்க்கரை இறங்குவது நேரம் பார்த்து வருவதில்லை. கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு. எங்கே போவதானாலும் நேரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள்.

மருந்துச் சீட்டில் இன்சுலினின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை யூனிட், ஒரு வேளைக்கு எத்தனை யூனிட், எந்த ஊசி, இவையெல்லாம் இருக்க வேண்டும். "பூனைக்கு" என்றும் எழுதச் சொல்லுங்கள். என் சீட்டில் அது இல்லை. மருந்துக் கடையில் "சியாப்பா கென்சிங் மானிஸ்?" (யாருக்கு இனிப்புநீர்?) என்று மலாயில் கேட்டார்கள். "கூச்சிங்" (பூனை) என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டார். கைப்பேசியில் தவுக்கே படத்தைக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

இன்னொன்று. முதல் ஊசியை டாக்டர் முன்னிலையில் நீங்களே போட்டுக் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் ஊசியாக இருந்தாலும் சரி. "வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான் வீராப்பாக வந்துவிட்டேன். அன்று இரவு கை நடுங்கியதில் பாதி மருந்து முடியில் போயிற்று.

3. இன்சுலினும் ஊசியும் ஜோடி, பிரிக்காதீர்கள்

பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

விலங்குகளுக்கென்று வரும் கேனின்சுலின், புரோசிங்க் போன்றவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். மனிதர்களுக்கான லான்டஸ் 100 யூனிட். ஊசிகளும் அப்படியே இரண்டு வகை. 40-க்கான ஊசிக்குப் பொதுவாகச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. லான்டஸை 40 ஊசியில் "1" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். சின்ன பூனைக்கு அது உயிர் போகிற அளவு. தலைகீழாக, 40 இன்சுலினை 100 ஊசியில் இழுத்தால் 0.4 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவே இல்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் ஊசிக் குழாயில் அச்சடித்திருக்கும் எண்ணையும் பாருங்கள்.

டூஜியோ என்று ஒன்று இருக்கிறது. லான்டஸில் உள்ள அதே கிளார்ஜின் இன்சுலின்தான், ஆனால் மில்லிலிட்டருக்கு 300 யூனிட். கடையில் லான்டஸ் இல்லை, இது அதே மருந்துதான் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் எதற்கும் மாற வேண்டாம்.

தவுக்கேக்கு லான்டஸ். தொடக்கம் ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. பெரும்பாலான பூனைகளுக்குத் தொடக்கம் அந்த அளவில்தான் இருக்கும். லான்டஸ் வரும் ஊசிப் பேனாவில் ஒரு யூனிட்டுக்குக் கீழே திருப்ப முடியாது, நமக்கோ அரை யூனிட் கணக்கும் தேவைப்படும். அதனால் பேனாவின் ரப்பர் முனையில் ஊசியைக் குத்தி மருந்தை இழுக்கக் கற்றுக்கொடுத்தார் டாக்டர். உள்ளே காற்றைச் செலுத்தக் கூடாது. ஊசி 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்டது. கடையில் "அரை யூனிட் கோடு இருக்கா?" என்றே கேளுங்கள், இல்லாததும் அதே விலையில் பக்கத்திலேயே தொங்கும். அம்மாவுக்கு அந்தக் கோடு தெரியாது. இப்போது மருந்தை இழுத்ததும் கைப்பேசியில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். கண்ணாடியை விட இது மேல் என்கிறார்.

லான்டஸை ஆட்டிக் குலுக்காதீர்கள். அது தெளிந்த நீர்மாதிரி இருக்க வேண்டும், கலங்கினால் எறிந்துவிடுங்கள். கேனின்சுலினுக்கு முறை நேர்மாறு, பால் போலச் சீராக வரும்வரை நன்றாகக் குலுக்க வேண்டும். புரோசிங்கை மெதுவாக உருட்டினால் போதும். இணையத்தில் ஒருவர் குலுக்குகிறாரே என்று பார்த்து நாமும் குலுக்கக் கூடாது, அவர் கையில் இருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வைப்பது ஃப்ரிட்ஜில், ஆனால் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். என் முதல் பேனா அங்கே உறைந்துபோனது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. ஒரு வாரம் சர்க்கரை 20-க்குக் கீழே இறங்காமல் நின்றபோது அதனால்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவுத் தட்டு போதும். பிரித்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். பெட்டித் தாளில் பிரித்த பிறகு 28 நாள் என்றிருக்கும். ஒரு பேனாவில் 300 யூனிட், தவுக்கேக்கு மாதம் ஆவது 60 சொச்சம்தான். மீதியைத் தூக்கிப் போடும்போது வயிறு எரியும். ஃப்ரிட்ஜிலேயே இருக்கும் பேனாவைப் பூனைக்கு இன்னும் சில வாரம் நீட்டலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், சிலர் சரி என்பார்கள்.

வீட்டில் மனிதருக்கும் இனிப்புநீர் இருந்தால் இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். அம்மாவின் இன்சுலின் வேறு வகை, அளவும் பல மடங்கு. எங்கள் ஃப்ரிட்ஜில் அம்மாவுடையது மேல்தட்டில் நீல டப்பா, தவுக்கேயுடையது கதவில் பூனைப் படம் ஒட்டிய டப்பா. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

4. சாப்பாட்டை மாற்றுவது ஊசிக்கு இணையானது

மாவுச்சத்து குறைந்த ஈர உணவுதான் நோக்கம். உணவிலிருந்து வரும் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். உருண்டையான காய்ந்த உணவில் இது பெரும்பாலும் நடக்காது.

டின்னில் மாவுச்சத்து எவ்வளவு என்று எழுதியிருக்காது. நாமே போட வேண்டிய கணக்கு இது: புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழியுங்கள். எடுத்துக்காட்டாக 10, 5, 1, 2, 80 என்றால் மீதி 2. அப்புறம் புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்குங்கள். 35, 7, 42.5. மொத்தம் 84.5-இல் 7 என்றால் எட்டு விழுக்காடு சொச்சம். அந்த டின் ஆகும். குழம்பு மாதிரி கொழகொழவென்று இருப்பவற்றில் ஸ்டார்ச் சேர்த்திருப்பார்கள், அவற்றில் கவனம்.

ஊசி தொடங்கிய பிறகு உணவைத் திடீரென்று மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும், பழைய அளவே ஆபத்தாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கலந்து கலந்து மாற்றுங்கள், அந்த நாட்களில் ரத்தத்தை அடிக்கடி பாருங்கள்.

எங்கள் வீட்டில் உணவு விஷயத்தில் எதிரி அம்மாதான். "வாயில்லா ஜீவன், பாவம்" என்று கெம்பொங் மீனைச் சோற்றில் பிசைந்து மறைவாக ஊட்டிவிடுவார். மதியம் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஓர் உடன்பாடு: மீன் கொடுக்கலாம், சோறு கூடாது, கொடுத்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். அம்மா எழுதுகிறார். "2.15, ஒரு துண்டு, கேட்டான்" என்று.

5. 12 மணி நேரம் எப்படிச் சமாளிப்பது

எனக்குப் பாயான் லெப்பாசில் காலை 7 முதல் இரவு 7 வரை ஷிஃப்ட், பஸ் 6.10-க்கு. அதனால் காலை ஊசி 5.45. அப்படியானால் மாலை ஊசியும் 5.45, நான் வீட்டில் இல்லை. முதல் மாதம் "8 மணிக்கு வந்து போடுகிறேன்" என்று ஓட்டினேன். 14 மணி நேரம், பத்து மணி நேரம் என்று மாறி மாறிப் போனதில் எண்களுக்கு எந்த அர்த்தமும் இல்லாமல் போயிற்று. எப்போதாவது ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம், தினமும் கூடாது. இப்போது மாலை ஊசி அம்மாவுடையது. அவருக்கு முடியாத நாளில் மூன்றாம் மாடி அண்ணி வருகிறார். ஊசியை நேரம் முன்பே நிரப்பி வைத்துவிட்டுப் போகலாமே என்று நானும் யோசித்தேன், டாக்டர் வேண்டாம் என்றார்.

போடும் முறை எளிது. சாப்பாட்டுத் தட்டை வைத்து, அது தின்னத் தொடங்கியதும் விலாப் பக்கத் தோலைக் கூடாரம் மாதிரி லேசாகத் தூக்கி, அடியில் குத்துங்கள். பிடரியிலேயே போட்டுக்கொண்டிருக்காமல் இடத்தை மாற்றுங்கள். ஊசிமுனை தோலுக்கு மறுபக்கம் வந்துவிட்டால் முடி நனையும், மருந்து வாசனையும் வரும். அப்படி ஆகி எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாவிட்டால் இன்னொரு ஊசி போடாதீர்கள். அடுத்த வேளை வரட்டும். மறந்துபோன வேளைக்கும் அதே சட்டம்: இரண்டு வேளையைச் சேர்த்துப் போடவே கூடாது.

6. காதிலிருந்து ஒரு சொட்டு

வீட்டிலேயே சர்க்கரை பார்க்க, பூனையின் காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். தவுக்கே என்னவோ மூன்றாம் நாளே பழகிவிட்டது.

காதின் ஓரமாக மெல்லிய ரத்த நாளம் ஓடும். அந்த ஓரத்தில் குத்த வேண்டும். காது குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது. பழைய காலுறையில் அரிசி போட்டுக் கட்டி, லேசாகச் சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அரை நிமிடம் காதில் வையுங்கள். காதின் பின்னால் மடித்த பஞ்சு, இல்லாவிட்டால் குத்துவது உங்கள் விரலைத்தான். தொடக்கத்தில் கொஞ்சம் தடித்த ஊசி நல்லது, 28 எண் போதும். மிக மெல்லிய 33-ஐ வாங்கி நான் ஐந்து முறை குத்தியும் சொட்டு வரவில்லை. காதோரம் துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் மணியாக நிற்கும். முடிந்ததும் பஞ்சால் பத்து நொடி அழுத்துங்கள், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. இப்போது சர்க்கரை மீட்டர் பை திறக்கும் சத்தம் கேட்டாலே மேசைக்கு வந்து உட்காருகிறது. கோழிக்காகத்தான்.

மீட்டரைப் பற்றி. மனித மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். பூனைக்கு ரத்தச் சர்க்கரையில் பெரும்பகுதி சிவப்பணுவுக்கு வெளியே நீர்ப்பகுதியில் இருப்பதுதான் காரணம். ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்கு மீட்டர் இதற்கேற்பச் செய்தது, ஆனால் ரத்தச் சொட்டை வைக்கும் பட்டையின் விலை கூடுதல். நான் மனித மீட்டரையே வைத்திருக்கிறேன். அதை டாக்டரிடம் சொல்லிவிட்டால் எல்லைகளை அதற்கேற்பச் சொல்வார். இரண்டு மீட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக் குழம்புவதுதான் தப்பு.

அலகிலும் கவனம் வேண்டும். நம் நாட்டு மீட்டர் மில்லிமோலில் காட்டும். அமெரிக்கக் காணொளிகளும் தமிழ்நாட்டுப் பேச்சும் மில்லிகிராமில் இருக்கும். மில்லிகிராமை 18-ஆல் வகுத்தால் நம் எண். அவர்களுடைய 180 நமக்கு 10.

தோலில் ஒட்டும் சென்சார் ஒன்று உண்டு, ஃப்ரீஸ்டைல் லிப்ரே. மனிதருக்கானது, பூனைக்கும் ஒட்டுகிறார்கள். முதுகுப் பக்கம் சிறிதளவு முடி மழித்து டாக்டர் ஒட்டிவிடுவார். மனிதருக்கு 14 நாள் ஓடும். தவுக்கே ஆறாம் நாள் நாற்காலிக் காலில் உரசிக் கழற்றிவிட்டது. ஆனாலும் அந்த ஆறு நாளில் தெரிந்தது நிறைய. தொடக்கத்தில் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து. மிகக் குறைந்த எண் அதில் வந்தால் மட்டும் காதில் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

7. எண்ணைப் பார்த்து அவசரப்படாதீர்கள்

தினமும் ஊசிக்கு முன் ஒரு முறை பார்ப்பது கட்டாயம். எங்கள் டாக்டர் போட்ட எல்லை: 11-க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல், உணவும் கொடுக்காமல், 20 நிமிடம் கழித்து மறுபடி பார். அப்போதும் கீழே இருந்தால் எனக்குப் பேசு. புதியவர்களுக்கு இது நல்ல வேலி. உங்கள் டாக்டரிடம் உங்களுக்கான எண்ணைக் கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை, விடுமுறை நாளில், 12 மணி நேரம் முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை எடுங்கள். ஏழு சொட்டு. நாளின் மிகக் குறைந்த எண் எங்கே விழுகிறது, அது எவ்வளவு என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் ஊசிக்குப் பின் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் விழும். அந்தக் குறைந்த எண் 4.5-க்கும் 8-க்கும் நடுவே இருந்து, மற்ற நேரம் 14, 15-ஐத் தாண்டாமல் இருந்தால் நன்றாகப் போகிறது என்று பொருள். காலையில் எடுத்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஊசி வேலை செய்கிறதா என்று சொல்லவே முடியாது.

என் பெரிய தப்பு இங்கேதான். முதல் வாரம் 22, 24 என்று வந்ததும் பயந்து, டாக்டரிடம் சொல்லாமல் ஒரு யூனிட்டை ஒன்றரை ஆக்கினேன், இரண்டு நாளில் இரண்டு, மூன்றாம் நாள் இரண்டரை. இந்த இன்சுலின் உடம்பில் நிலைபெறவே சில நாள் ஆகும். முந்தின அளவு முழுதாக வேலை செய்யத் தொடங்கும் முன்பே நான் அதன் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மதியம் அம்மா ஃபேக்டரிக்கே தொலைபேசி செய்தார். தவுக்கே சுவரில் தலையை முட்டி நிற்கிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை. சர்க்கரை 2.3.

அன்றிலிருந்து ஒரே கணக்கு வைத்திருக்கிறேன். சர்க்கரை ஏறியிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம், இறங்கியிருந்தால் இப்போதே பார்க்க வேண்டும். சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும் பூனைக்கு ஒரு வாரம் 20 நின்றால் அந்த வாரத்திலேயே உயிர் போய்விடாது. இரண்டு மணி நேரம் 2 நின்றால் போய்விடலாம். அளவை மாற்றினால் அரை யூனிட் மட்டும், அதுவும் டாக்டர் சொல்லி, மாற்றியபின் ஐந்திலிருந்து ஏழு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. அளவைக் குறைக்க வேண்டியிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அளவு ஏறி ஏறி ஐந்து யூனிட்டைத் தாண்டியும் அசையவில்லை என்றால் வேறு காரணம் தேடச் சொல்லுங்கள்: கெட்டுப்போன மருந்து, ஈறு, சிறுநீர்த் தொற்று, சில பூனைகளுக்கு மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் கட்டி.

8. சர்க்கரை இறங்கினால்

தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, மறைவில் போய்ப் படுப்பது, நடுக்கம், வலிப்பு. சில பூனைகள் எதையும் காட்டாமலேயே 3-க்கு இறங்கும், அதனால்தான் மீட்டர்.

3.5-க்குக் கீழே, ஆனால் நிற்கிறது, சாப்பிடுகிறது என்றால் உடனே உணவு கொடுங்கள். இந்த ஒரு நேரத்தில் மாவுச்சத்துள்ள குழம்பு உணவு நல்லது, அதற்கென்றே ஓரிரண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ரத்தம் பாருங்கள். தள்ளாடுகிறது, சாப்பிடவில்லை என்றால் தேனை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துவிட்டு உடனே கிளினிக்குக் கிளம்புங்கள். வலிப்பு வரும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள். தேன் போட்டதும் எழுந்து நடக்கிறதே என்று பாதி வழியில் திரும்பிவிடவும் கூடாது. இன்சுலின் இன்னும் உள்ளே இருக்கிறது, தேன் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். தவுக்கேயை அன்று இரவு முழுக்க டிரிப்பில் வைத்திருந்தார்கள்.

9. சாப்பிடாத நாள்

தீபாவளிக்கு முந்தின இரவு வெடிச் சத்தத்தில் தவுக்கே அலமாரிக்கு அடியில் போனது, காலைவரை வரவில்லை, எதையும் தொடவில்லை. சாப்பிடாத பூனைக்கு முழு அளவு போட்டால் சர்க்கரை இறங்கும், இன்சுலினே இல்லாமல் விட்டால் கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிப்பதால் வரும் கெட்ட அமிலம், ரத்தத்தில் சேரும். இதை நாமாக முடிவு செய்யக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். எங்களுக்குப் பாதி அளவு போடச் சொன்னார். பண்டிகைக்கு முன்பே "சாப்பிடாவிட்டால் என்ன செய்வது" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தீபாவளிக் காலையில் தொலைபேசியை யார் எடுப்பார்கள்?

சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும், ஒரு டப்பா இருக்கட்டும். கீட்டோன் காட்டி, கூடவே வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பு என்றால் நேராக மருத்துவமனை. காலைவரை காத்திருக்காதீர்கள்.

10. செலவு

நான் கொடுத்ததை எழுதுகிறேன், கடைக்குக் கடை மாறும். முதல் நாள் ரத்தம், சிறுநீர், ஃபிரக்டோசமின் எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கம். மாதச் செலவு: பேனா ஒன்று 65, ஊசி 60 எண்ணிக்கைக்கு 60, பட்டை 50 கொண்ட டப்பா இரண்டு 90, காது ஊசி 15, டின் உணவு 140. ஆக 370 வெள்ளி. பேனாவை ஐந்து கொண்ட பெட்டியாக விற்கப் பார்ப்பார்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், மருந்தே மாறிப்போகலாம். சென்சார் தனி, 250-ஐத் தாண்டும், ஒட்டும் கூலியும் சேரும்.

என் அவசரத்தால் வந்த அந்த ஓர் இரவு டிரிப்புக்கு 680. ஐந்து மாத ஊசி, மருந்துக் காசு ஒரே இரவில் போனது.

ஊசியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்திக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முனை மழுங்கும், அதற்கு வலிக்கும், மறுநாள் உங்களைப் பார்த்து ஓடும்.

11. வெளியூர், விட்டுக்கொடுக்க வேண்டிய நாட்கள்

தைப்பூசத்தை ஒட்டி ரதம் வரும் வழியெல்லாம் சாலை அடைப்பு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் மாலை 5.45-க்குத் திரும்பவே முடியாது. இந்த வருடம் நானும் அம்மாவும் முறை வைத்துப் போனோம். ஈப்போ கல்யாணத்துக்குப் போனபோது அண்ணியிடம் கொடுத்தது ஒரே ஒரு தாள்: அளவு, நேரம், ஊசி போடக் கூடாத எண், தேன் இருக்கும் இடம், டாக்டர் எண், இரவு கிளினிக் எண். கீழே பெரிய எழுத்தில் "சந்தேகம் வந்தால் போடாதீங்க அண்ணி". ஒரு வேளை தவறினால் சமாளிக்கலாம், இரண்டு பேர் தெரியாமல் இரண்டு முறை போட்டுவிட்டால் முடியாது. அதனால் போட்டவுடன் நோட்டில் கையெழுத்து.

மருந்தைப் பயணத்தில் கொண்டு போனால் ஐஸ் கட்டியில் நேரடியாக வைக்காதீர்கள். துணியில் சுற்றிக் குளிர்ப்பையில் வையுங்கள். காரிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ விட்டுவிட்டு இறங்காதீர்கள், நம் வெயிலில் அரை மணியில் வெந்துவிடும்.

12. அளவு இறங்கத் தொடங்கினால்

நோய் தொடங்கிய சில மாதத்துக்குள் நல்ல கட்டுப்பாடு வந்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகலாம். குறைந்த எண்கள் அடிக்கடி வரும், டாக்டர் அரை அரையாக இறக்குவார். நிறுத்தியபின் உணவைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள், வாரம் ஒரு முறை ரத்தம் பார்ப்பதையும் விடாதீர்கள், நோய் திரும்பி வரக்கூடியது. தவுக்கே இரண்டரையில் நின்று, இப்போது ஒன்றில் இருக்கிறது. எடை 6.1. பின்னங்கால் நிமிர்ந்துவிட்டது, சோபாவுக்கு மீண்டும் தாவுகிறது.

13. ஊசிக் குப்பை

மாதம் 60 ஊசி சேரும், அதற்கு மேல் காது ஊசி. சாதாரணக் குப்பைப் பையில் போட்டால் அதைத் தூக்குகிறவர் கையில் குத்தும். துணி துவைக்கும் திரவ சோப்பின் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்குங்கள். ஊசிக்கு மறுபடி மூடி போட முயலாதீர்கள், என் கட்டைவிரலில் இரண்டு தழும்பு அப்படி வந்தவைதாம். முக்கால் பங்கு நிறைந்ததும் கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். எங்களுடையதில் பரிசோதனைக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், காசு வாங்குவதில்லை.